அந்தப் பிஸ்கற் ரின் ஆருடையது?

போன மாதம் சின்னம்மாவின் மகன் வட்ஸ்அப்பில் ஒரு ஸ்ரேற்றஸ் போட்டிருந்தான். துருப்பிடித்த ஒரு பிஸ்கற் ரின். அதுக்குள்ள றப்பர் பாண்ட் போட்டுக் கட்டின கிரிக்கெட் காட்ஸ். பின்னால ஒரு இளையராஜா பாட்டு. கீழே "எங்கட வவுனியா, எங்கட காலம், இனி வராது" எண்டு ஒரு வரி, மூன்று அழுகிற முகம். வெளிநாட்டுக்குப் போகிறதுக்காக அறையை ஒதுக்கும்போது கட்டிலுக்குக் கீழே கிடந்ததாம். எங்கட வகுப்புப் பெடியள் கனபேர் அந்தப் படத்தை எடுத்துத் தங்கட ஸ்ரேற்றஸிலும் போட்டிருந்தார்கள்.

நானும் பார்த்தேன். நாலைந்து தரம் பார்த்தேன். ஏனெண்டால் அந்த ரின் என்னுடையது.

இதைச் சொல்லி அவனோட சண்டை பிடிக்கிறது நோக்கமில்லை. அவன் நல்ல பிள்ளை. என்னைவிட இரண்டு வயது குறைவு, இப்பவும் "அக்கா" எண்டு கூப்பிட்டுத்தான் கதைப்பான். எனக்குப் பிரச்சினை அந்த "எங்கட" எண்ட சொல்லோடதான். கொஞ்ச நாளாக எங்கட ஆக்கள் எழுதுகிற ஊர் நினைவுகளை எல்லாம் இந்த ஒரு சொல்லை வைச்சுக்கொண்டுதான் வாசிக்கிறேன். குளத்துக்கட்டு, ரயர் உருட்டினது, மாங்காய் களவெடுத்தது, காட்ஸ் விளையாடினது. எல்லாம் "நாங்கள்" செய்தது. அந்த நாங்கள் ஆர்?

முதல்ல காட்ஸ் பற்றிச் சொல்ல வேண்டும். இப்பத்தைய சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது, போனில எல்லாம் இருக்கு.

நான் சொல்கிறது 2010இலிருந்து 2014 வரை. குருமன்காட்டுப் பக்கம் எங்கட ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு கடை இருந்தது. அங்கே இரண்டு வகை காட்ஸ் வரும். ஒன்று பபிள்கம்மோட ஒரேயொரு காட். பபிள்கம் சப்பின கொஞ்ச நேரத்திலேயே றப்பர் மாதிரி ஆகிவிடும், ஆரும் அதுக்காக வாங்குவதில்லை. மற்றது இந்தியாவில் இருந்து வருகிற பெட்டிக் காட்ஸ். ஒரு பக்கம் வீரரின் படம், கீழே கணக்கு: எத்தனை மட்ச், எத்தனை ரன்ஸ், எத்தனை செஞ்சரி, எத்தனை விக்கெட். காட்ஸைச் சமமாகப் பிரித்துக் கவிழ்த்து அடுக்குவோம். மேலே இருக்கிற காட்டை எடுத்துப் பார்த்து, எது பலமோ அதைச் சொல்ல வேண்டும். "ரன்ஸ்" எண்டு சொன்னால் எதிராளியும் தன்ர காட்டின் ரன்ஸைச் சொல்லுவார். கூடினவருக்கு இரண்டு காட்டும். டெண்டுல்கர் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ரன்ஸ் கேட்கலாம். சிம்பாப்வே வீரர் வந்தால் முகத்தைப் பார்த்தே மற்றவன் பிடித்துவிடுவான். நான் முகத்தில் ஒன்றும் காட்ட மாட்டேன். அந்தக் காலத்தில் கற்றுக்கொண்ட அந்த ஒரு வித்தை வைவாவில் இன்றைக்கும் உதவுகிறது.

வகுப்பில் பெட்டையள் காட்ஸ் விளையாடுவது குறைவு. நான் விளையாடினேன், வெல்லவும் செய்தேன். நாலாம் வகுப்பில் என்னிடம் நூறுக்கு மேல காட்ஸ் இருந்தது. அம்மம்மா தந்த ரின்னுக்குள்ளதான் வைத்திருந்தேன். 2011 உலகக் கிண்ண இறுதிப்போட்டி முடிந்த அடுத்த கிழமை சந்தை நிலவரமே மாறிப்போனது. மஹேல 103 அடித்தும் தோற்றாச்சு, டோனி 91 அடித்துக் கடைசியில் சிக்ஸரோட முடித்தாச்சு. அதுக்குப் பிறகு ஒரு டோனிக்கு ஐந்து காட் கேட்டார்கள். 97 அடித்த கம்பீரை ஆரும் கணக்கில் எடுக்கவில்லை, பாவம். நான் அப்ப மலிவாகக் கம்பீரை வாங்கிச் சேர்த்தேன்.

அந்த வருடம் எங்கட வகுப்பில் புதுக்குடியிருப்புப் பக்கத்துப் பெடியன் ஒருவன் இருந்தான். செட்டிகுளம் முகாமில் இருந்து வெளியில வந்து, வவுனியாவில் சொந்தக்காரர் வீட்டில் நின்று படித்தான். 2009இல் அந்த முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் இருந்தது எண்டு எல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்ப தெரிந்தது, அவனிடம் மொத்தம் ஆறேழு காட்தான் இருந்தது. அதில் ஒன்று முரளி.

அந்தப் பெட்டி பழைய சரக்கு. முரளியின் காட்ல டெஸ்ட் விக்கெட் 700 எண்டு அடித்திருந்தது. ஷேன் வோர்னின் காட்ல 708. அதாவது முரளியை வைச்சுக்கொண்டு விக்கெட் கேட்டாலும் வோர்ன் வந்தால் தோல்வி. முரளியோ 2010 ஜூலையில் காலி மைதானத்தில் 800ஐ எடுத்து முடித்து ஓய்வும் பெற்றாச்சு. இவன் ரேடியோவில் அதைக் கேட்டிருக்கிறான். நீலப் பேனையால் 700ஐ வெட்டிப்போட்டு, பக்கத்தில் 800 எண்டு எழுதிக்கொண்டு வந்தான்.

வகுப்பே இரண்டாகப் பிரிந்தது. "உண்மையா 800தானே" எண்டு அவன். "காட்ல என்ன அடிச்சிருக்கோ அதுதான் கணக்கு" எண்டு மற்றவர்கள். அவனுக்கு ஆதரவாக ஆரும் கதைக்கவில்லை. புதுப் பெடியன், காட்ஸும் இல்லை. கடைசியில் காட்டைப் பழுதாக்கியாச்சு, இனி செல்லாது எண்டு தீர்ப்பு.

அடுத்த நாள் நான் அந்தக் காட்டை வாங்கினேன். இரண்டு சிம்பாப்வே கொடுத்து. "செல்லாத காட்தானே, அதுக்கு இரண்டு தாறன், சந்தோசமா எடு" எண்டு சொன்னது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கு. அவன் எடுத்தான். ஒரு மாதம் கழித்து நான் அதே காட்டைப் போட்டு, 800 எண்டு வாதாடி, வோர்னை வென்றேன். நான் சொன்னபோது எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். எனக்கு வாய் இருந்தது, நூறு காட்டும் இருந்தது, ஊரும் என்னுடையது.

அவன் ஐந்தாம் ஆண்டுக்கு முதலே பள்ளிக்கூடம் மாறிப் போய்விட்டான். தம்பியின் ஸ்ரேற்றஸைப் பகிர்ந்த ஒருவருக்கும் அவன் பெயர் ஞாபகம் இருக்குமோ தெரியாது.

இனி ரின் கதை. 2014 ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை. இருபதுக்கு இருபது உலகக் கிண்ண இறுதிப்போட்டி, மீர்பூரில், இந்தியாவோட. அதுக்கு மூன்று நாளைக்கு முதல்தான் நான் பெரியபிள்ளையானேன். அறைக்குள்ள இருத்தியாச்சு. தனித் தட்டு, தனிப் பாய், நல்லெண்ணெய், பச்சை முட்டை, உளுத்தங்களி. ரீவி ஹோலில். மாமாமார், மச்சான்மார், ஒழுங்கைப் பெடியள் எல்லாம் அங்கே. ஆம்பிளையள் இருக்கிற இடத்துக்கு நான் வரக்கூடாது. கதவுக்குப் பின்னால இருந்து சத்தத்தை வைச்சே ஆட்டத்தைக் கண்டுபிடித்தேன். பெரிய சத்தம் எண்டால் விக்கெட்டோ சிக்ஸரோ, அது ஆருடைய விக்கெட் எண்டு தெரியாது, ஏனெண்டால் எங்கட வீட்டில் இரண்டு நாட்டுக்கும் ஆள் இருந்தது. இந்தியா 130. கோலி 77. சங்கக்கார 52 ஆட்டமிழக்காமல். இதெல்லாம் அடுத்த நாள் பேப்பரில் பார்த்தது.

தண்ணி வார்த்து, சாமத்திய வீடு எல்லாம் முடிந்து வெளியில் வந்தபோது ரின் இல்லை. "தம்பி ஆசைப்பட்டுக் கேட்டான், குடுத்திட்டன். இனி உனக்கென்னத்துக்கு பிள்ளை அது" எண்டா அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. பழைய சட்டையைக் கொடுத்த மாதிரித்தான் சொன்னா. அந்த வருடமே சைக்கிளில் தனியாகக் கடைக்குப் போகிறதும் நின்றது. ஒழுங்கையின் முடிவில் இருந்த அந்தக் கடைக்கு வீட்டிலிருந்து இருநூறு மீற்றர் வராது.

ஆகவே "எங்கட காலம் இனி வராது" எண்டு பெடியள் எழுதும்போது எனக்கு உடனே வருகிற கேள்வி, உங்களுக்கு அது எப்ப முடிந்தது எண்டுதான். ஓ/எல் வந்தபோது, போன் வந்தபோது, ஊரை விட்டுப் போனபோது, இப்படி மெல்ல மெல்ல முடிந்திருக்கும். எனக்குத் திகதி இருக்கிறது. என்னோட படித்த பெட்டையள் கனபேரிடமும் அப்படி ஒரு திகதி இருக்கும், கேட்டுப் பாருங்கோ.

இதைக் கன்ரீனில் சொன்னபோது முகாமைத்துவபீட நண்பன் ஒருவன் சிரித்தான். "நீங்கள் கலைப்பீடக்காரர் ஒரு பபிள்கம்மையும் நிம்மதியா சப்ப விடமாட்டியள்" எண்டான். நல்ல பகிடிதான், நானும் சிரித்தேன். அவன் சொன்னதில் ஒரு நியாயமும் இருக்கு. எல்லா நினைவையும் பிடித்து விசாரணைக்கு உட்படுத்தினால் ஆரும் ஒன்றும் எழுத மாட்டார்கள். எனக்கும் அந்தக் காலம் பிடிக்கும். புதுக் காட்ஸின் மை மணம் இப்பவும் மூக்கில் இருக்கு. அழிக்கச் சொல்லவில்லை, கூட எழுதச் சொல்கிறேன். ரின்னைப் பற்றி எழுதுங்கோ, அது எப்படிக் கைக்கு வந்தது எண்டும் எழுதுங்கோ. வவுனியாவைப் பற்றி எழுதுங்கோ, அதே வருடம் வகுப்பில் கடைசி வாங்கில் இருந்தவனுக்கு அது என்ன ஊராக இருந்தது எண்டும் ஒரு வரி போடுங்கோ. அப்படி எழுதினால் ஸ்ரேற்றஸுக்கு அடங்காது, லைக்கும் குறையலாம். இந்தக் கட்டுரையில் என்னைப் பற்றி நான் எழுதினதும் எனக்குச் சுகமாக இல்லை.

இன்னொன்று. அந்த நூறு காட்ல ஒன்றுகூடப் பெண் இல்லை. அப்ப அது எனக்குக் குறையாகவே படவில்லை. இலங்கைப் பெண்கள் அணி ஒன்று இருக்கிறதே தெரியாது. 2017இல் பிறிஸ்டலில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக சாமரி அத்தபத்து 178 ஆட்டமிழக்காமல் அடித்தபோதுதான் பெயரையே கேள்விப்பட்டேன். 2024 ஏப்ரலில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக 195, அதுவும் ஆட்டமிழக்காமல். அதே வருடம் ஜூலையில் தம்புள்ளையில் இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணம். 'ஒரு மட்ச்சில் கூடின ரன்ஸ்' எண்டு கேட்டால் அந்த ஒரு காட் என்ர ரின்னில் இருந்த அரைவாசிப் பேரை அள்ளிக்கொண்டு வந்திருக்கும். (டெஸ்ட் மட்ச் எண்டு கேட்டால்தான் கவிழும். எங்கட பெண்கள் அணி விளையாடினது ஒரேயொரு டெஸ்ட், 1998இல் பாகிஸ்தானோட. அதை வென்றதும் எங்கட ஆக்கள்தான்.)

நேற்றுத் தம்பிக்குக் கோல் எடுத்தேன். ரின் என்னுடையது எண்டு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பெரியம்மா கடையில் வாங்கித் தந்தது எண்டுதான் இவ்வளவு காலமும் நினைத்தானாம். அவனுக்கு அப்ப பத்து வயது, ஆரும் அவனுக்குச் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

"ஏனக்கா அப்பவே சொல்லேல்ல?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அறைக்குள் இருந்து வந்த பிள்ளை காட்ஸ் கேட்டு அழுதால் சிரிப்பார்கள் எண்டு நினைத்திருப்பேன்.

"சனிக்கிழமை வந்து எடுங்கோ, நான் திங்கள்தான் கொழும்புக்குப் போறன்" எண்டான். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டு றப்பர் பாண்டைக் கழற்றி எண்ணுகிற சத்தம் கேட்டது. எண்பத்தி மூன்றாம். மிச்சம் தொலைந்துபோச்சு.

"அக்கா, முரளியின்ர ஒரு காட் இருக்கு. ஆரோ பேனையால கிறுக்கிப் பழுதாக்கி வைச்சிருக்கு. அதை எறியட்டோ?"

"எறியாத, வாறன்" எண்டேன்.