கூடி வேலை செய்யவும் கற்க வேண்டும்

ஆஸ்பத்திரி என்றதும் நமக்கு டாக்டர்தான் நினைவுக்கு வருகிறார். நல்ல டாக்டர் அமைந்துவிட்டால் பாதி நோய் தீர்ந்தது என்று நிம்மதி அடைகிறோம். இரண்டு நாள் வார்டில் படுத்து எழுந்தவர்களைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார்கள். டாக்டர் கட்டிலருகே நின்றது ஐந்து நிமிஷம். மீதி நேரமெல்லாம் நர்ஸ், ரத்தம் எடுப்பவர், எக்ஸ்ரே டெக்னீஷியன், மருந்து எடுத்துக் கொடுப்பவர், தள்ளுவண்டிக்காரர், ஆயா ஆகியோர் கையில்தான் நோயாளியின் உயிர் இருக்கிறது. இவர்களில் பெரும்பாலோர் அவரவர் தொழிலை முறைப்படி கற்றவர்கள். ஒருவரோடு ஒருவர் சேர்ந்து வேலை செய்வதை எங்கே கற்றார்கள் என்பதே நம் கேள்வி.

நமக்குத் தெரிந்த தொழிலாளி ஒருவர், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து திருப்பதியில் மூட்டை தூக்கிப் பிழைப்பவர். சர்க்கரை வியாதி உண்டு. இந்த வட்டாரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்திருந்தார்கள். பெயர் வேண்டாம், எங்கும் நடக்கக்கூடியதே. மறுநாள் காலை ஸ்கேன், வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று டாக்டர் சொன்னதை ராத்திரி நர்ஸ் நோயாளியிடம் சொல்லிவிட்டு டியூட்டி முடிந்து போனார். காலை ஷிப்டுக்கு வந்த நர்ஸ், கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தபடி வேளை தவறாமல் இன்சுலின் ஊசி போட்டார். ஸ்கேன் அறையில் அவசர கேஸ் ஒன்று வந்துவிட, இவர் முறை மத்தியானத்துக்குத் தள்ளிப்போயிற்று. ஊசி போட்டது ஸ்கேன் அறைக்குத் தெரியாது. ஸ்கேன் தள்ளிப்போனது வார்டுக்குத் தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறத் தொடங்கிவிட்டது. அழுக்குத் துணியோடு அந்த வழியே போன ஆயா பார்த்து, "சர்க்கரை இறங்கிப்போச்சு, யாராவது வாங்க" என்று சத்தம் போட்டதால் ஆள் பிழைத்தார்.

யாரைக் குற்றம் சொல்வது? அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகவே செய்தார்கள். மொழியின் மேல் பழி போடவும் வழியில்லை. திருப்பதியிலும் சித்தூரிலும் தமிழ் அறவே புரியாத சிப்பந்தியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒருவர் விட்ட இடத்துக்கும் அடுத்தவர் தொட்ட இடத்துக்கும் நடுவே சேதி விழுந்துவிட்டது. அதை எடுத்துக் கொடுத்த ஆயாவுக்கோ கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதும் உரிமைகூட இல்லை.

2021 மே 10ஆம் தேதி இரவை இவ்வூர் மறந்திருக்காது. கொரோனா இரண்டாம் அலையில், திருப்பதி ருயா அரசு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டிய ஆக்சிஜன் டாங்கர் தாமதமாகி, குழாயில் அழுத்தம் குறைந்து, 11 நோயாளிகள் இறந்ததாக அதிகாரிகள் அறிவித்தார்கள். அதன் பொறுப்பு யாருடையது என்று தீர்ப்புச் சொல்வது இந்தப் பத்தியின் வேலை அல்ல. ஆனால் ஒன்று புலனாயிற்று. லாரி டிரைவரும், டாங்கியின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பவரும், வார்டு நர்ஸும், டாக்டரும் ஒரே சிகிச்சையின் நான்கு கைகள்.

ரயில்வேயில் வேலை பார்ப்பவனுக்கு இது புதிதல்ல. ரயில் வருகிறது, கேட்டை மூடு என்று ஸ்டேஷன் மாஸ்டர் போனில் சொல்வதோடு காரியம் முடிவதில்லை. மூடியாயிற்று என்பதற்கு உறுதியாகக் கேட்மேன் தன்னிடமுள்ள தாளிலிருந்து ஒரு பிரைவேட் நம்பரைச் சொல்கிறார். மாஸ்டர் அதை எழுதிக்கொள்கிறார். எஞ்சினில் டிரைவரும் உதவி டிரைவரும் ஒவ்வொரு சிக்னலையும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். முப்பது வருஷ சர்வீஸ் உள்ளவருக்கும் நேற்றுச் சேர்ந்தவருக்கும் ஒரே விதிதான். இத்தனைக்கும் பிறகு ரயில்வேயில் விபத்தே இல்லை என்று நாம் சொல்லவரவில்லை. சொன்னதைத் திருப்பிச் சொல் என்பதை ஒரு மரியாதைக் குறைவாக அங்கே யாரும் நினைப்பதில்லை என்பதைத்தான் சொல்கிறோம். ஆஸ்பத்திரியிலோ, போனில் டாக்டர் சொன்ன மருந்தின் அளவை நர்ஸ் திருப்பிக் கேட்டால் முகம் சுளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கூடி வேலை செய்தால் என்ன சாதிக்கலாம் என்பதற்கு நாம் சீமைக்குப் போக வேண்டியதில்லை. திருப்பதியில் ரயில் ஏறி, பாகாலா, சித்தூர் தாண்டிக் காட்பாடியில் இறங்கினால் போதும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்தவர் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போன கைகளை ஆபரேஷன் செய்து நிமிர்த்தலாம் என்று 1940களின் கடைசியில் செய்து காட்டினார். நல்ல நிலையில் உள்ள ஒரு தசைநாரை எடுத்து, செயலற்றுப் போன விரலை இயக்கும்படி மாற்றிப் பொருத்துவது அந்த முறை. உலகம் அவர் கத்தியைப் புகழ்ந்தது. ஆனால் கத்தியோடு முடிகிற வேலையா அது? கட்டுப் பிரித்தபின் அந்தத் தசைநாருக்குத் தன் புது வேலை தெரியாது. ஒரு விரலை மடக்கிப் பழகியது வேறொன்றை அசைக்க வேண்டும். வாரக்கணக்கில் நோயாளியின் எதிரே உட்கார்ந்து பயிற்சி கொடுக்கப் பிஸியோதெரபிஸ்ட் இல்லையென்றால் ஆபரேஷனே வீண்.

பிறகு கால். உணர்ச்சி இல்லாத பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது, புண் ஆறாது, ஆறினாலும் மறுபடி வரும். அங்கே டாக்டருக்குத் துணை வந்தவர் செருப்புத் தைப்பவர். மெத்தென்ற ரப்பரை வைத்து, பாரம் ஒரே இடத்தில் அழுந்தாதபடி செருப்புச் செய்தார்கள். கை சரியாகி ஊருக்குப் போனவர்களுக்கு வேலை கொடுப்பார் இல்லை. அதனால் நியூ லைப் சென்டர் என்ற குடியிருப்பில் தச்சு வேலையும் பொம்மை செய்வதும் கற்பிக்கப்பட்டன. 1955இல் தொடங்கிய கரிகிரி ஆஸ்பத்திரியிலும் இந்த வழியே தொடர்ந்தது. சர்ஜன், பிஸியோதெரபிஸ்ட், செருப்புத் தொழிலாளி, தச்சர் எல்லோரும் ஒரு மனிதனின் இரண்டு கைக்கும் இரண்டு காலுக்கும் பொறுப்பேற்றார்கள். செருப்புத் தைக்கிறவருக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று கேட்கும் நாட்டில் இது சிறிய காரியம் அல்ல.

ஆபரேஷன் தியேட்டருக்கென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2008இல் ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், நோயாளியை வெளியே கொண்டுபோகும் முன் என மூன்று தடவை எல்லோரும் நின்று, வாய்விட்டுச் சரிபார்க்க வேண்டும். மொத்தம் 19 கேள்விகள். அதில் ஒன்று, அங்கே இருப்பவர்கள் தத்தம் பெயரையும் வேலையையும் சொன்னார்களா என்பது. டில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் உள்பட எட்டு நாடுகளின் எட்டு ஆஸ்பத்திரிகளில் சோதித்ததில், மரணம் நூற்றுக்கு 1.5லிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11லிருந்து 7 ஆகவும் குறைந்தன என்று 2009இல் முடிவு வெளியாயிற்று. உடனே பல நாடுகளில் அதைக் கட்டாயமாக்கினார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 ஆஸ்பத்திரிகளில் பார்த்தபோது குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்று 2014இல் தெரிய வந்தது. நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. காகிதத்தில் டிக் போடுவது எந்த ஆபீசிலும் ஒரு வாரத்தில் கைவந்துவிடும். ஜூனியர் நர்ஸ் "கொஞ்சம் நில்லுங்கள், ஸார்" என்று சொல்வதும், பெரிய சர்ஜன் நிற்பதும் அப்படி வந்துவிடுவதில்லை. அது பழக்கத்தால் வரவேண்டிய திறமை.

பழக்க ஏற்ற இடம் திருப்பதி. அலிபிரி சாலையைச் சுற்றி ருயா, ஸ்விம்ஸ், தேவஸ்தானத்தின் பர்ட் என்று ஆஸ்பத்திரிகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஸ்விம்ஸ் ஒன்றிலேயே மருத்துவம், நர்ஸிங், பிஸியோதெரபி மூன்றுக்கும் கல்லூரிகள் உண்டு. வெவ்வேறு தொழில் படிக்கும் மாணவர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஒருவரிடம் ஒருவர் கற்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2010இலேயே கூறியிருக்கிறது. ஒரே நோயாளியின் கட்டிலைச் சுற்றி மூன்று கல்லூரிப் பிள்ளைகளையும் நிறுத்தி வாரம் ஒரு வகுப்பு நடத்தப் புதுக் கட்டிடம் வேண்டுமா?

ஆள் பற்றாக்குறை என்ற பதில் வரும். அது பொய்யல்ல. ராத்திரி வார்டுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு ஒரு நர்ஸ் எத்தனை கட்டிலுக்கு ஓடுகிறார் என்பது தெரியும். ஆள் குறைவாக உள்ள இடத்தில்தான் சேதி தவறினால் பிடிக்க ஆள் இருக்காது. அங்கேதான் இந்தப் பயிற்சி அதிகம் தேவை. அதைவிடப் பெரிய தடை காண்ட்ராக்ட் முறை. துப்புரவு, தள்ளுவண்டி, காவல் ஆகிய வேலைகளுக்கு ஏஜென்சி ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள். அவர்களில் நம்மவர்களும் பலர். பெயர்கூடத் தெரியாதவரோடு என்ன கூட்டு வேலை செய்ய முடியும்? ஏஜென்சி ஆட்களையும் குறிப்பிட்ட வார்டுக்கென்று நிலையாக விடும்படி ஆஸ்பத்திரி நிர்வாகங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.

நோயாளிகளோடு போகும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. எந்த மருந்து, எந்த வேளை, கடைசியாக எப்போது ஊசி என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக் கையில் வைத்திருங்கள். ஸ்கேன் அறையானாலும் லேப் ஆனாலும் முதலில் அதை நீட்டுங்கள். நர்ஸிடம் கோபித்துப் பயனில்லை. ஆனால் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சேதி கொண்டுபோகும் தூதுவர் வேலையை நோயாளி தலையில் சுமத்துவது நியாயமல்ல, அவர் படுத்திருப்பவர்.

ஷிப்டு மாறும்போது பத்து நிமிஷம், டியூட்டி டாக்டர், போகிற நர்ஸ், வருகிற நர்ஸ் மூவரும் கட்டில் கட்டிலாக நின்று பேசட்டும். அன்று சத்தம் போட்ட ஆயாவைப் போன்றவர்களும் அந்த வட்டத்தில் நிற்கட்டும். இதற்கு அமராவதியிலிருந்து உத்தரவு வரவேண்டும் என்று காத்திருக்க அவசியமில்லை. சூப்பரின்டென்டென்ட் சொன்னால் நாளைக் காலையே தொடங்கலாம்.