போன் இல்லாமலே போன் கால்... தெரியாத நம்பரை நம்பலாமா?

"தெரியாத நம்பர்ல இருந்து கால் வந்தா எடுக்கவே மாட்டேன்!" - நம்மில் பலரோட பாலிசி இப்போ இதுதான். லோன் வேணுமா, பிளாட் வேணுமான்னு நாள் முழுக்க போன் அடிச்சா வேற என்னதான் பண்றது? ஆனா, இந்தப் பழக்கத்தால் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்ட ஹெச்.ஆர் காலும், ஆஸ்பத்திரியில் இருந்து வந்த காலும் சேர்ந்தே மிஸ் ஆகின்றன.

இவ்வளவு கால்கள் எப்படி சாத்தியம்?

ஒரு வெப் அப்ளிகேஷன் போதும். கிளவுட் டெலிபோனி நிறுவனத்தில் அக்கவுன்ட் தொடங்கி, ஒரு நம்பரை வாடகைக்கு எடுக்க வேண்டும். அமெரிக்காவின் ட்விலியோ 2008-ல் தொடங்கப்பட்டது. பெங்களூரில் எக்ஸோடெல் இருக்கிறது. யாருக்கு கால் போகணும், எந்த நம்பர்ல இருந்து போகணும், எடுத்ததும் என்ன சொல்லணும்... இந்த மூன்றையும் சில வரி கோடில் எழுதினால், நிறுவனத்தின் சர்வர் அதைச் சாதாரண போன் காலாக மாற்றிவிடும். டைப் செய்து கொடுத்ததை கம்ப்யூட்டர் குரலே வாசிக்கும். ஒருத்தருக்கு எழுதின அதே கோடு, பத்தாயிரம் பேர் இருக்கும் லிஸ்ட்டுக்கும் வேலை செய்யும்.

இதில் நல்லதும் உண்டு. டெலிவரி பாயும் நீங்களும் ஒருத்தர் நம்பர் இன்னொருத்தருக்குத் தெரியாமலே பேசிக்க முடியுதே, அதுவும் இதே டெக்னாலஜிதான்.

சிக்கல் எங்கே?

ஆள் வைத்துப் பேசினால் சம்பளம் தரணும். மெஷினுக்கு அது இல்லை. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில், 'ஓட்டுப் போட வராதீர்கள்' என்று ஜோ பைடனின் போலிக் குரலில் கால்கள் போயின. அடுத்த மாதமே, அனுமதி இல்லாமல் ஏ.ஐ குரலில் அழைப்பது சட்டவிரோதம் என்றது அந்நாட்டு எஃப்.சி.சி. இங்கேயும் கதை வேறில்லை. வெளிநாட்டில் இருந்து வந்துகொண்டே +91 எனக் காட்டும் கால்களைத் தடுக்க, 2024 அக்டோபரில் தொலைத்தொடர்புத் துறை ஒரு சிஸ்டம் கொண்டு வந்தது. முதல் 24 மணி நேரத்தில் சிக்கியவை சுமார் 1.35 கோடி!

நம்பரே சொல்லும்!

இந்தியாவின் பதில், நம்பரைப் பிரிப்பது. விளம்பரக் கால் என்றால் 140-ல் தொடங்கணும். அக்கவுன்ட் தொடர்பான கால்களுக்கு 1600 வரிசையைத்தான் பயன்படுத்தணும் என்று 2025 ஜனவரியில் வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அடுத்த மாதம், சாதாரண 10 இலக்க நம்பரில் டெலிமார்க்கெட்டிங் கூடாது என்று ட்ராய் விதிகளை இறுக்கியது.

நல்ல ஏற்பாடுதான். ஆனா, ஏமாத்துறவன் விதியைப் பார்த்து நம்பர் வாங்க மாட்டான். அதேபோல, ஹெச்.ஆரும் கூரியர்காரரும் இன்னமும் 10 இலக்க நம்பரில்தான் கூப்பிடுகிறார்கள். ஆக, வங்கிக் காலை ஓரளவு பிரித்துவிடலாம். மற்றதையெல்லாம் நாமேதான் பிரிக்கணும்.

அதனால், எடுங்க, ஆனா ஓ.டி.பி, பின் நம்பர் எதையும் சொல்லாதீங்க. சந்தேகம் வந்தா கட் பண்ணிட்டு, வங்கி கார்டின் பின்பக்கம் இருக்கும் நம்பருக்கு நீங்களே அடிங்க. தொல்லை கால் என்றால் 7 நாள்களுக்குள் 1909-ல் புகார் செய்யலாம். பத்து நாளில் 5 புகார் சேர்ந்தாலே நடவடிக்கை தொடங்கும். பணம் போய்விட்டதா? ஒரு நிமிஷம்கூட யோசிக்காம 1930-க்கு கால் பண்ணுங்க!