முப்பத்திரண்டு கிரவுண்டில் ஒரு கிரவுண்டு

தாம்பரம் பக்கம் 'கிரவுண்டு' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். பெரியவர்கள் வாயில் வந்தால் அது 2,400 சதுர அடி மனை. பையன்கள் வாயில் வந்தால் பந்து உதைக்கிற இடம். இரண்டும் ஒரே சொல்தான், ஆனால் ஒன்று வளர வளர மற்றொன்று தேய்ந்துகொண்டே வருகிறது.

ஒரு சின்னக் கணக்கு. சர்வதேசப் போட்டிகளில் வழக்கமாகப் பயன்படும் கால்பந்து ஆடுகளத்தின் அளவு 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். அதாவது 7,140 சதுர மீட்டர். சதுர அடியில் சொன்னால் ஏறக்குறைய 77,000. நம்மூர் கணக்கில் 32 கிரவுண்டு! சேலையூரிலோ ராஜகீழ்ப்பாக்கத்திலோ இன்று 32 கிரவுண்டு சும்மா கிடந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. கோல் போஸ்ட் நட்ட இடத்தில் 'டூ பெட்ரூம் பிளாட் விற்பனைக்கு' போர்டு நட்டுவிடுவார்கள்.

இந்த நிலைமையில் இன்னும் மிச்சம் இருக்கும் பெரிய திறந்த வெளிகளில் ஒன்று சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகம். தாம்பரம் ஸ்டேஷனில் கிழக்குப் பக்கம் இறங்கினால் நடக்கிற தூரம்தான். பஸ் ஹாரன், ஷேர் ஆட்டோ கூச்சல், பழக்கடை எல்லாம் தாண்டி உள்ளே போனதும் சத்தம் சட்டென்று அடங்கிவிடும். ஏறக்குறைய 365 ஏக்கர், அதில் பெரும்பகுதி புதர்க்காடு. புள்ளிமான் கூட உண்டு. அந்த மரங்களுக்கு நடுவில் ஒரு மைதானத்தைப் பார்க்கிறவருக்கு முதலில் தோன்றுவது, 'இது ஏதோ கிராமத்துக் கல்லூரி மாதிரி இருக்கிறதே' என்பதுதான்.

உண்மையில் அது கிராமத்துக் கல்லூரியாகத்தான் இங்கே வந்தது. 1837இல் பள்ளியாகத் தொடங்கி ஜார்ஜ் டவுன் நெரிசலில் வளர்ந்த நிறுவனம், சரியாக நூறு வருடம் கழித்து 1937இல் தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது. அன்றைக்குத் தாம்பரம் என்றால் நகரத்துக்கு வெகு வெளியே. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியே (1931) ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் வளாகத்தில் தேடித் தேடி மரம் நட்டார்கள். இன்றைய நிழலில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

கல்லூரி ஊரை விட்டு ஓடி வந்தது. ஊர் பின்னாலேயே துரத்தி வந்து சுற்றி வளைத்துக்கொண்டது. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆகிவிட்டது. கிராமம் காலி. மைதானம் மட்டும் அப்படியே இருக்கிறது.

கொஞ்சம் அமெரிக்கா பக்கம் போய்விட்டு வரலாம். பென்சில்வேனியா மாநிலத்தில் மலைகளுக்கும் பண்ணைகளுக்கும் நடுவில் ஒரு ஊர். பெயரே ஸ்டேட் காலேஜ்! மக்கள்தொகை சுமார் நாற்பதாயிரம். அங்கே உள்ள பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பீவர் ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். (அவர்கள் ஃபுட்பால் என்பது பெரும்பாலும் கையால் ஆடுவது. அந்தப் பஞ்சாயத்து இப்போது வேண்டாம். :-) ) ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் சுற்றுவட்டாரமே அங்கேதான் இருக்கும். பழைய மாணவர், பண்ணைக்காரர், கடைக்காரர், குழந்தைகள் என்று எல்லாரும் 'நம்ம டீம்' பார்க்க வருகிறார்கள்.

அதைப் போல நமக்கும் லட்சம் பேர் உட்காரும் காலரி வேண்டுமா? வேண்டவே வேண்டாம். அங்கே பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குகிறவர்களிலேயே அதிகம் வாங்குபவர் பல்கலைக்கழக ஃபுட்பால் அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளர்தான். படிக்கிற இடத்தில் விளையாட்டு வியாபாரமாகிவிட்டது என்று அவர்களே புலம்புகிறார்கள். அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று, கல்லூரி மைதானம் ஊருக்கும் சொந்தம் என்ற நினைப்பு.

நம்மிடம் அது இல்லை. தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கம் எத்தனை கல்லூரிகள்! அவற்றில் மைதானம் உள்ளவை எத்தனையோ. ஆனால் கல்லூரிகளுக்கு இடையே ஒரு கால்பந்துப் போட்டி நடந்தால் அடுத்த தெருவுக்குக் கூடத் தெரியாது. அடுத்த தெரு இருக்கட்டும், அந்தக் கல்லூரியில் படிக்கிறவர்களுக்கே தெரியாது. இருபத்திரண்டு பேர் உயிரைக் கொடுத்து ஆடுவார்கள். பார்ப்பதற்கு மாற்று ஆட்டக்காரர்களும், பி.டி. மாஸ்டரும், நிழலுக்கு ஒதுங்கிய இரண்டு நாய்களும்தான். அதே நேரம் மதில் சுவருக்கு வெளியே, இரண்டு செங்கல்லைக் கோல் போஸ்டாக வைத்துத் தெருவில் பையன்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். பைக் வந்தால் ஆட்டம் நிற்கும்.

முன்பெல்லாம் கோடையில் வற்றிய ஏரிதான் பையன்களுக்கு ஸ்டேடியம். இப்போது ஏரியின் ஓரமெல்லாம் வீடு. மிச்சம் இருப்பது மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் செயற்கைப் புல் 'டர்ஃப்'. ஐ.டி. வேலையில் இருக்கிறவர்கள் பங்கு போட்டுக் கட்டிவிடுவார்கள். பூ விற்கிறவர் மகனும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர் மகளும் எங்கே போவது? திறமை வசதி பார்த்தா பிறக்கிறது? ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசி கோல் 1960 ரோமில், பெரு நாட்டுக்கு எதிராக. அடித்தவர் சைமன் சுந்தரராஜ், நம் தமிழ்நாட்டுக்காரர். அதற்குப் பிறகு இந்தியா ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறவே இல்லை. அறுபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. அடுத்த கோல் எந்தத் தெருச் செங்கல் போஸ்டில் ஒளிந்திருக்கிறதோ!

கல்லூரிகள் பக்கத்து நியாயமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. கதவைத் திறந்துவிட்டால் ஹாஸ்டல் பாதுகாப்பு என்ன ஆவது? காட்டுக்குள் பிளாஸ்டிக் கவரும் பாட்டிலும் வந்து சேராதா? யாருக்காவது கால் உடைந்தால் யார் பொறுப்பு? எல்லாவற்றுக்கும் மேலே, புல் தரைக்கு ஓய்வு வேண்டும். நாள் முழுக்க ஆடினால் அது புழுதிக்காடாகிவிடும். இவையெல்லாம் சாக்குப்போக்கு அல்ல, உண்மையான கவலைகள்.

ஆனால் 'யாருக்கும் இல்லை', 'எல்லாருக்கும் எப்போதும்' என்ற இரண்டைத் தவிர வேறு வழியே கிடையாதா? வாரத்தில் இரண்டு நாள், காலை இரண்டு மணி நேரம். மைதானம் இல்லாத மாநகராட்சிப் பள்ளி அணிகளுக்கு மட்டும், ஓர் ஆசிரியர் பொறுப்பில், பெயர் பதிவு செய்துகொண்டு. அணிகளின் செலவை மாநகராட்சி ஏற்கலாம். கல்லூரி அணி ஆட்டக்காரர்களே பயிற்சி கொடுக்கலாம். போட்டி நாளன்று கேட் வாசலில் ஒரு கரும்பலகை: 'இன்று மாலை 4 மணிக்கு ஆட்டம், அனுமதி இலவசம்'. ஒரு சாக்பீஸ் என்ன விலை?

இதில் கல்லூரிக்கும் லாபம் உண்டு. யாரும் பார்க்காத, யாருக்கும் பழக்கமில்லாத நிலத்துக்காக யாரும் குரல் கொடுக்க மாட்டார்கள். நாளைக்கு ஏதோ ஒரு கல்லூரி நிர்வாகம், 'மைதானத்தில் புது பிளாக் கட்டுகிறோம்' என்று முடிவு செய்தால் யார் தடுப்பது? அங்கே விளையாடி வளர்ந்த ஊர் மட்டும்தான் தடுக்கும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியதையும், முடிச்சூர் பக்கம் வீடுகள் மூழ்கியதையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மண் தரை குடிக்கிற தண்ணீரை கான்கிரீட் குடிக்காது. மைதானம் ஆடாத நாளிலும் ஊருக்கு உழைக்கிறது.

படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கல்லூரி அணியின் அடுத்த ஆட்டம் எப்போது என்று விசாரியுங்கள். போய் ஓரமாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் கத்திவிட்டு வாருங்கள். முடிந்தால் பக்கத்துத் தெருப் பையன் ஒருவனையும் பெர்மிஷன் வாங்கிக் கூட்டிப் போங்கள். 32 கிரவுண்டின் மதிப்பு என்ன என்று ரியல் எஸ்டேட்காரர் ஒரு கணக்குச் சொல்வார். அந்தப் பையன் வேறு ஒரு கணக்குச் சொல்வான். எது சரி என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.