கேதார்நாத்துக்கு 36 நிமிடத்தில் போகலாம், சரி... அங்கே நிற்கப்போவது எதன் மேல்?

சோன்பிரயாகில் ஏறினால் 36 நிமிடத்தில் கேதார்நாத்தில் இறங்கிவிடலாம். 12.9 கிலோமீட்டர் நீளம், 4,081 கோடி ரூபாய் செலவு. இந்த ரோப்வே திட்டத்துக்கு 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. கௌரிகுண்டில் இருந்து 16 கிலோமீட்டர் மலையேற்றம், எட்டு ஒன்பது மணி நேரம் என்று இருக்கும் பயணம் இப்படிச் சுருங்கினால் யாருக்குத்தான் பிடிக்காது? தமிழ்நாட்டில் இருந்து சார்தாம் யாத்திரை போகிற அம்மா அப்பாக்களின் முட்டிவலி தெரிந்தவர்கள் நிச்சயம் வேண்டாம்னு சொல்ல மாட்டார்கள்.

அதே அறிவிப்பில் இன்னொரு எண்ணும் இருந்தது. ஒரு நாளைக்கு 18,000 பேர். நாம் பேச வேண்டியது அதைப் பற்றித்தான். ஏன்னா, அத்தனை பேரும் போய் இறங்கப்போகிற சமவெளி கெட்டியான பாறை இல்லை. பனியாறு விட்டுவிட்டுப் போன இடிபாட்டுக் குவியல்.

பனியாறு அப்படி என்ன செய்யும்?

செய்திகளில் பெரும்பாலும் 'பனிப்பாறை' என்றுதான் எழுதுகிறோம். கடலில் மிதக்கும் ஐஸ்பெர்க்குக்கும் அதே சொல். இதில் ஒரு சிக்கல் இருக்கு. பாறை என்றதும் அசையாமல் கிடக்கும் ஒன்றுதான் மனதில் வரும். பள்ளிப் புவியியல் பாடத்தில் படித்த 'பனியாறு'தான் பொருத்தமான சொல். காரணம், அது நகர்கிறது. வருஷக்கணக்கில் விழுந்த பனி ஒன்றின் மேல் ஒன்று அழுந்திப் பனிக்கட்டியாகி, தன் எடையாலேயே மெதுவாகச் சரிவில் இறங்குகிறது.

இறங்கும்போது அடியில் உறைந்து ஒட்டிக்கொண்ட கற்கள் உப்புத்தாள் மாதிரி மலையைத் தேய்க்கும். ஆறு அறுத்தால் பள்ளத்தாக்கு 'V' வடிவில் குறுகலாக இருக்கும். பனியாறு தேய்த்தால் அகலமான அடித்தளத்தோடு 'U' வடிவம். சுரண்டிய சரக்கை எல்லாம் அது ஓரங்களிலும் முனையிலும் கொட்டி வைக்கும். அதற்குப் பெயர்தான் மொரைன்.

ஆறு கொண்டுவரும் வண்டலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஆற்றுநீர் கல்லைத் தனியாக, மணலைத் தனியாகப் பிரித்துப் போடும். பனியாற்றுக்கு அந்தப் பொறுமை கிடையாது. வீடளவு பாறையும் மாவு போன்ற தூளும் கலந்து ஒரே குவியலாகக் கிடக்கும். அவற்றைப் பிணைத்து வைக்கும் சிமென்ட் எதுவும் உள்ளே இல்லை. தண்ணீர் நிறையப் புகுந்தால் கரைந்து ஓடவும் செய்யும்.

ஆனால் செங்குத்தான இமயமலையில் கொஞ்சம் சமதளம் வேண்டும் என்றால், மனிதனுக்குப் பல இடங்களில் கிடைப்பது இதுதான். கேதார்நாத் 3,583 மீட்டர் உயரத்தில், சோராபாரி பனியாறும் அதன் துணைப் பனியாறும் பின்வாங்கியபோது விட்டுப்போன சமவெளியில் இருக்கிறது. இருபுறமும் மந்தாகினியும் சரஸ்வதியும் ஓடுகின்றன.

பழைய வழக்கத்தை இங்கே கவனிக்கணும். தீபாவளியை ஒட்டிக் கோயில் நடை சாத்தினால் உற்சவமூர்த்தி உக்கிமத்துக்கு இறங்கிவிடுவார். மறுபடி நடை திறப்பது ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோதான். மேய்ச்சல்காரர்களும் அப்படித்தான், கோடையில் புல்வெளிக்கு ஏறுவார்கள், குளிருக்கு முன் இறங்கிவிடுவார்கள். அந்த நிலத்தில் வருஷம் முழுக்கத் தங்கும் எண்ணமே யாருக்கும் இல்லை. இதைப் பக்தி என்று மட்டும் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நிலத்தைப் புரிந்துகொண்டு பயன்படுத்திய முறையும் அதில் இருக்கிறது.

பிறகு விடுதிகளும் கடைகளும் வந்தன. அதற்கு அப்புறம் 2013 வந்தது.

கோயிலுக்கு மேலே சோராபாரி ஏரி. காந்தியின் அஸ்தி கரைக்கப்பட்டதால் காந்தி சரோவர் என்ற பெயரும் உண்டு. அதற்கு அணையாக இருந்தது வெறும் மொரைன் மேடு. ஜூன் நடுவில் கொட்டித் தீர்த்த மழையோடு உருகிய பனியும் சேர, ஜூன் 17 காலை அந்த மேடு உடைந்தது. சில நிமிடங்களில் ஏரி காலி. கீழே வந்தது தண்ணீர் மட்டும் இல்லை. வழியில் இருந்த மொரைன் குவியலையும் அள்ளிக்கொண்டு பாறையும் சேறுமாக வந்தது. கோயில் நின்றது, ஊர் போனது. நடைபாதையில் இருந்த ராம்பாரா அடையாளமே இல்லாமல் அழிந்தது. உத்தராகண்ட் முழுவதும் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 5,000 பேருக்கும் மேல்.

உச்ச நீதிமன்ற உத்தரவால் அமைக்கப்பட்ட ரவி சோப்ரா தலைமையிலான நிபுணர் குழு 2014-ல் அறிக்கை கொடுத்தது. பனியாறுகள் பின்வாங்கிய உயரமான பகுதிகளில் இப்படித் தளர்வான குவியல்கள் ஏராளம், அங்கே நீர்மின் திட்டங்கள் வேண்டாம் என்றது. ஆய்வுக்கு வந்த 24 திட்டங்களில் 23 திட்டங்களைக் கைவிடப் பரிந்துரைத்தது. அணைக்கு ஆகாத மண் என்று நிபுணர்கள் சொன்ன பிறகு, கூட்டத்துக்கு மட்டும் அது எப்படி ஆகும் என்று யாராவது கேட்க வேண்டாமா?

கேதார்நாத்தில் கோயிலுக்குப் பின்னால் மூன்றடுக்குத் தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறார்கள். நல்லதுதான். மேலே இருந்து வரும் கல்லைத் தடுக்கலாம். ஆனால் சுவரும் அதே குவியலின் மேல்தான் நிற்கிறது. இடையில் 2023-ல் மட்டும் வந்தவர்கள் 19 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள்.

ரோப்வேயே கூடாது என்பது என் வாதம் இல்லை. கோவேறு கழுதைகள் படும் பாட்டைப் பார்த்தவர்கள் அதை வரவேற்பார்கள். முதியவர்களுக்கு அது பெரிய உதவி. என் கேள்வி வரிசையைப் பற்றியது. 2022-ல் மாநில அரசு கேதார்நாத்துக்கு நாளைக்கு 12,000 பேர் என உச்சவரம்பு வைத்தது, சீக்கிரமே இன்னொரு 1,000 பேரைச் சேர்த்தது. இப்போது கேபின்களால் எத்தனை பேரைத் தூக்க முடியும் என்ற கணக்கு 18,000-ல் வந்து நிற்கிறது. மேலே உள்ள நிலம் எத்தனை பேரை, எத்தனை கட்டடங்களை, எவ்வளவு கழிவுநீரைத் தாங்கும் என்ற கணக்கை முதலில் போட்டு மக்கள் முன் வைக்கணும். கேபின்களின் எண்ணிக்கையை அதற்கு அப்புறம் முடிவு செய்யலாம்.

2024 ஜூலை 31 இரவு பெய்த பெருமழையில் நடைபாதை பல இடங்களில் துண்டாகி, ஆயிரக்கணக்கானோரை ஹெலிகாப்டரிலும் கயிறு கட்டியும் மீட்டார்கள். 18,000 பேர் மேலே இருக்கும் ஒரு நாளில் பாதையும் அறுந்து, காற்றில் ரோப்வேயும் நின்றுபோனால், அவர்கள் அன்று இரவு அங்கேதான் தங்கியாக வேண்டும். அதற்காகக் கூடுதல் விடுதிகள் கட்டலாம் என்ற யோசனை தானாக வரும். அந்த விடுதிகளுக்கும் கடைக்கால் தோண்ட வேண்டியது அதே மொரைனில்தான்.