பகா எண்ணும் ரெக்கார்டு நோட்டும்

நம் கலாசாலையிற் கணினியியல் பயிலப் புகும் மாணாக்கர் முதற் பருவத்திலேயே எழுதும் நிரல்களுள் ஒன்று, தரப்பட்ட எண் பகா எண்ணா அன்றா என்று தேர்ந்து சொல்லும் சிறு செயற்கூறு. பத்து வரிக்கு மேற் போகாதது. மூத்த மாணாக்கரின் ரெக்கார்டு நோட்டிலிருந்து இளையவர் நோட்டிற்கு ஆண்டுதோறும் வழுவாமற் பெயர்ந்து வருவது. இப்பொழுது பெயர்த்தெழுதும் அவ்வுழைப்பும் மிச்சமாயிற்று. வினாவை ஒரு வரியில் இட்டால் நிரலையே எழுதித் தரும் செயற்கை அறிவுக் கருவிகள் 2022ஆம் ஆண்டின் இறுதி தொட்டு மாணாக்கர் கைக்கு எட்டிவிட்டன. ஆதலின் இப்பயிற்சியைப் பாடத்திட்டத்தினின்றும் நீக்கிவிடலாம் என்பார் சிலர். நாம் அதற்கு உடன்படோம். மாற்ற வேண்டுவது பயிற்சியையன்று. அதற்கு மதிப்பெண் இடும் முறையையே என்பது நம் கருத்து.

ஒன்றினும் பெரியதாய், ஒன்றாலும் தன்னாலுமன்றிப் பிறிதொரு முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடாதது பகா எண் என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். இவ்விலக்கணத்தைக் கணினிக்குச் சொல்லப் புகும் மாணாக்கர் பலர், பாராது எழுதுங்கால், முதலில் எழுதுவது யாது? "2 முதலாக ஒவ்வோர் எண்ணாலும் வகுத்துப் பார், மீதி இல்லையேல் 'அன்று' என்று சொல், மீதி இருப்பின் 'ஆம்' என்று சொல்." கேட்பதற்குச் செவ்விதாகவே உள்ளது. ஆயினும் 9ஐ இதனிடம் தந்தால், 2ஆல் வகுத்து மீதி 1 எனக் கண்ட அக்கணமே 'ஆம், பகா எண்' என்று தீர்ப்புக் கூறிவிடும். 3ஐ விசாரிக்கவே இல்லை. 'அன்று' என மறுப்பதற்கு ஒரு சாட்சி போதும். 'ஆம்' என உடன்படுவதற்கோ, எதிர்ச்சாட்சி சொல்லக்கூடிய அனைவரையும் விசாரித்து முடித்திருத்தல் வேண்டும். ஆகவே 'அன்று' என்னும் விடை மடக்கினுள்ளே நிற்கலாம். 'ஆம்' என்னும் விடை மடக்கு முற்றிய பின்னரே வரவேண்டும். ஒரு வரி இடம் மாறுவதில் இத்துணை நியாயம் அடங்கியிருக்கிறது. நோட்டைப் பார்த்து எழுதுவோர் அவ்வரியைச் சரியான இடத்திலேயே எழுதிவிடுகின்றனர். ஆதலாற்றான் அஃது ஏன் அங்கு நிற்கிறது என்று கேட்டால் விழிக்கின்றனர்.

இனி, எத்தனை சாட்சிகளை விசாரிப்பது? 36ஐ எடுத்துக்கொள்வோம். 2உம் 18உம், 3உம் 12உம், 4உம் 9உம், 6உம் 6உம் என அதன் காரணிகள் இணை இணையாகவே வரும். 6ஐக் கடந்தபின் வருவன முன்பு கண்ட இணைகளே, தலைகீழாய். எனவே எண்ணின் வர்க்கமூலம் வரையில் தேடிக் காரணி கிட்டவில்லையேல், அதற்கப்பாலும் கிட்டாது. இச்சிறு நியாயத்தின் பயனை ஓரெண்ணில் வைத்துக் காண்க. 2,14,74,83,647 பகா எண் என்று 1772இல் ஆய்லர் என்னும் கணித மேதை நிறுவினார். இதனைத் தன்னினும் ஒன்று குறைந்த எண் வரையில் வகுத்துப் பார்ப்பின் 214 கோடிக்கு மேற்பட்ட வகுத்தல்கள் வேண்டும். பாதி வரையில் எனின் 107 கோடி. வர்க்கமூலம் வரையில் எனின் ஏறத்தாழ 46,000. 2ஐத் தனியே தேர்ந்துவிட்டு ஒற்றை எண்களால் மட்டும் வகுப்பின் 23,000. யந்திரத்தை மாற்றாமலே வந்த இறக்கம் இது. ஆய்லரிடம் யந்திரமே இல்லை. குறிப்பிட்ட சில வடிவினவாகிய வகுப்பான்களே போதும் என்று முன்னரே காட்டிக்கொண்டு கையாலேயே கணக்கிட்டார்.

இவ்வெண்ணில் மற்றொரு வேடிக்கையும் உண்டு. சி மொழியில், 32 பிட் உடைய குறியுள்ள முழு எண் கொள்ளக்கூடிய மிகப் பெரிய மதிப்பு இதுவே. 'வகுப்பானின் வர்க்கம் தரப்பட்ட எண்ணை மிஞ்சாத வரையில்' என்று மடக்கிற்கு எல்லை வகுத்தோமாயின், 46,341இன் வர்க்கம் அக்கொள்ளளவைக் கடந்துவிடும். அதன்பின் நிகழ்வது யாதென்று அம்மொழியின் விதிகள் சொல்வதில்லை. வர்க்கத்தை விடுத்து, வகுப்பானை ஈவோடு ஒப்பிட்டால் இவ்விடர் இல்லை. முதலாண்டினர் இதனை அறியாவிடினும் குற்றமில்லை. ஆசிரியர் அறிந்திருத்தல் நன்று.

அவ்வெல்லையிலேயே இன்னொரு பள்ளம் கிடக்கிறது. 'மிஞ்சாத வரையில்' என்பதற்குப் பதிலாகக் 'குறைந்திருக்கும் வரையில்' என்றெழுதினால் 25உம் 49உம் 121உம் பகா எண்களாகிவிடும். 7, 10, 13 ஆகிய மூன்றை மட்டும் இட்டுப் பார்க்கும் தேர்வாளர் இதனைக் காணமாட்டார். 1இன் செய்தியும் அத்தகையதே. அதற்கு மடக்கு ஒருமுறையேனும் ஓடாது. ஆகவே செயற்கூறு 'ஆம்' என்றே விடையிறுக்கும். அங்ஙனமே இருந்தால் என்ன என்று வினவும் மாணாக்கனை நாம் மெச்சுவோம். 1914இல் வெளிவந்த லேமரின் பகா எண் அட்டவணையே 1ஐயும் சேர்த்துக்கொண்டது. ஆயின் 12 என்பது 2, 2, 3 என்னும் ஒரே வகையிற் பகா எண்களாகப் பிரியும் என்ற விதி, 1ஐச் சேர்த்தால் நிலைகுலையும். 1, 2, 2, 3 என்றும், 1, 1, 2, 2, 3 என்றும் முடிவின்றிப் பிரிக்கலாம். அவ்விதியைக் காப்பதற்கே 1 விலக்கப்பட்டது.

இவையெல்லாம் சிறுபிள்ளைக் கணக்கு என்று எள்ளுவார்க்கு ஒன்று சொல்வோம். வகுத்துத் தேரும் முறையில் எண்ணின் இலக்கங்கள் இரண்டு கூடினால் வேலை பதின்மடங்காகும். நூறு இலக்கமுள்ள எண்ணுக்கு அது பயன்படாது. வேலை இங்ஙனம் பெருகாமலும், குருட்டுவாய்ப்பை நம்பாமலும், எந்த எண்ணையும் ஐயமறத் தேரும் வழி உண்டா என்னும் வினா நெடுங்காலம் விடையின்றிக் கிடந்தது. 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்னும் மூவர் உண்டென நிறுவினர். பின்னிருவர் அவ்வாண்டிலேதான் பி.டெக். முடித்தவர்கள், அப்படிப்பின் செயல்திட்டமாகவே இவ்வாராய்ச்சியிற் புகுந்தவர்கள்.

ஆதலின் செய்முறைத் தேர்வில், திரையில் விடை சரியாகத் தோன்றிற்று என்பதற்காக முழு மதிப்பெண் இடுதலை நிறுத்துக. அதற்குப் பதிலாக, வேண்டுமென்றே பிழை வைத்த ஒரு செயற்கூற்றைத் தாளில் அச்சிட்டு மாணாக்கர் கையிற் கொடுத்து, "இது பொய் சொல்லும் எண் ஒன்றைக் காட்டுக; ஏன் பொய் சொல்கிறது என்பதையும் கூறுக" என்று நேரிற் கேட்க. 9ஐக் காட்டுவோரும் 25ஐக் காட்டுவோரும் மடக்கினை உள்ளபடி அறிந்தவரே. நோட்டும் கருவியும் அப்போது அருகில் இல்லாதிருத்தல் போதும்.

இதற்குக் காலம் ஏது என்று ஆசிரியர் வினவக்கூடும், நியாயமான வினாவே. நாற்பது மாணாக்கருக்குப் பத்து நிமிடம் வீதம் ஏழு மணி நேரத்திற்குச் சற்றுக் குறையும். ரெக்கார்டு நோட்டுகளைப் பக்கம் பக்கமாய்ப் புரட்டிக் கையொப்பமிடும் பிற்பகல்களில் மூன்றை இதற்கு ஒதுக்கினால் முடிந்தது. அடுத்த பருவத்தில் ஒரு வகுப்பிற்கேனும் செய்து பார்க்குமாறு துறையினரை வேண்டுகிறோம். முதற் றாளுக்கு 1ஐ மறந்த செயற்கூற்றையே தரலாம்.