சினைப்பையின் உள்ளாட்சி

பெண்ணின் சினைப்பையில் முட்டை முதிர்வது எங்ஙனம் என வினவினால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி ஆணையிடச் சினைப்பை பணிந்து நடக்கின்றது என்று விடையிறுத்தல் வகுப்புகளில் வழக்கமாயிருக்கின்றது. இவ்விடை பொய்யன்று, ஆயினும் பாதி மெய்யேயாம். மற்றைப் பாதியையும் கற்பித்தல் வேண்டும் என்பதும், அது விலங்கியல் மாணவர்க்கு மட்டுமன்றி யாவர்க்கும் வேண்டும் என்பதும் எமது கருத்து.

பெண் மகவு பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் பத்து முதல் இருபது லட்சம் நுண்பைகள் உறங்கிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றினுள்ளும் ஒரு முட்டையும் அதனைச் சூழ்ந்த உயிரணுக்களும் உள. வாழ்நாள் முழுவதிலும் முதிர்ந்து வெளிப்படுவன ஏறத்தாழ 400 முட்டைகளே. நுண்பை உறக்கம் நீங்கி வளரும் முதற் படிகளுக்குப் பிட்யூட்டரியின் ஆணை இன்றியமையாததன்று. ஆண்டு ஆட்சி செலுத்துவன முட்டையும் அதன் அண்டை அணுக்களுமே.

இதற்குச் சான்றுகள் பல. ஜி.டி.எஃப். 9 என்பது முட்டையே சுரக்கும் ஒரு புரதம். அஃது இல்லாத சுண்டெலிகளில் நுண்பைகள் தொடக்க நிலையிலேயே வளர்ச்சி குன்றி நின்றமை 1996-இல் வெளியாயிற்று. நியூஸிலாந்தின் இன்வர்டேல் செம்மறியாடுகளின் செய்தி இன்னும் வியப்புடைத்து. பி.எம்.பி. 15 என்னும் மற்றொரு முட்டைப் புரதத்திற்குரிய ஜீன் இரண்டனுள் ஒன்று பழுதுற்ற ஆடு வழக்கத்தினும் மிகுதியாக முட்டைகளை வெளிவிடுகின்றது. இரண்டும் பழுதுற்ற ஆடோ ஈனாதொழிகின்றது. இது 2000-இல் விளக்கப்பட்டது. வளரும் சிறு நுண்பைகள் சுரக்கும் ஏ.எம்.எச். என்னும் பொருள், உறங்குவன யாவும் ஒருங்கே எழுந்துவிடாதபடி தடுக்கின்றது. அஃது இல்லாத சுண்டெலிகளின் நுண்பைச் சேமிப்பு விரைந்து கரைந்தமை 1999-இல் காணப்பட்டது.

இப்பொருளிற் சிறிது குருதியிற் கலத்தலால் மருத்துவர் அதனை அளந்தறிகின்றனர். கருத்தரிப்புச் சிகிச்சையில் மருந்தின் அளவைத் தீர்மானிக்க அவ்வளவு பெரிதும் பயன்படும். ஆனால் அவ்வெண் ஒன்றையே கொண்டு, இப்பெண் தாயாவாள், இவள் ஆகாள் எனத் தீர்ப்புரைப்பாரும் உளர். இது தகாது. அமெரிக்காவில், குழந்தைப்பேற்றுக் குறை முன்னர் அறியப்படாத, 30 முதல் 44 வயது வரையுள்ள 750 மகளிரை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட முடிவின்படி, ஏ.எம்.எச். குறைந்திருந்தோர் இயல்பாகக் கருவுறும் வாய்ப்பிற் குறைந்தாரல்லர். காரணம் யாது? அவ்வெண் வளரும் நுண்பைகளின் தொகையைக் குறிப்பதேயன்றி, முட்டையின் தரத்தைக் குறிப்பதன்று.

பாடச்சுமை முன்னமே மிகுதி என்பார் கூற்றை யாம் மறுக்கவில்லை. எனினும் கரும்பலகையில் பிட்யூட்டரியினின்று சினைப்பைக்கு ஓர் அம்புக்குறி இடும் ஆசிரியர், சினைப்பையினுள்ளும் சில அம்புக்குறிகளை இடுதல் பெருஞ்சுமையாகாது. ஓர் எண்ணைக் கண்டு கலங்கும் தமக்கைக்கோ தங்கைக்கோ அதன் பொருளை எடுத்துரைக்க வல்லவராய் நம் மாணவர் வெளிச்செல்வரேல், அக்கல்வி பயனுடைய கல்வியாம்.