துணி துவைக்க ஏற்ற நேரம் எது?

நாங்கள் ஐந்து மாணவிகள் ஒரு வாடகை வீட்டில் தங்கிப் படிக்கிறோம். வகுப்பு முடிந்து வீடு திரும்ப மாலை ஏழு மணி ஆகிவிடும். வந்ததும் விளக்கு, மின்விசிறி, ரைஸ் குக்கர், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கும். நாட்டின் பல வீடுகளிலும் இதே கதைதான். ஆனால், அந்நேரத்தில் கூரைமேல் இருக்கும் சூரியத் தகடுகள் வேலையை முடித்திருக்கும்.

2050-க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியாக்குவது மலேசியாவின் இலக்கு. அதில் பெரும்பங்கு சூரியசக்தி. தகடுகளைக் கூட்டிக்கொண்டே போனால் போதும் என்று தோன்றலாம். போதாது. மின்கட்டமைப்பில் உற்பத்தியும் பயன்பாடும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருந்தாக வேண்டும். மேகம் மறைத்தாலோ பொழுது சாய்ந்தாலோ ஏற்படும் குறையை வேறொன்று உடனே ஈடுகட்ட வேண்டும். இந்தத் திறனையே நெகிழ்வுத்தன்மை என்கிறோம்.

நிறுத்தி வைத்த நிலக்கரி ஆலை சூடேறி முழுத் திறனை எட்டப் பல மணி நேரமாகும். திரங்கானுவின் கென்யிர் ஏரியில் இருப்பது போன்ற நீர்மின் நிலையம் சில நிமிடங்களில் கைகொடுக்கும். ஆனால், நினைத்த இடத்திலெல்லாம் அணை கட்ட முடியாது. பெரிய மின்கலங்கள் நொடியில் உதவும், செலவு அதிகம். நமது பயன்பாட்டில் ஒரு பகுதியை வேறு நேரத்துக்கு மாற்றுவதே மலிவான வழி.

இதற்கான தொடக்கம் ஏற்கெனவே இருக்கிறது. 2025 ஜூலை முதல், தீபகற்ப மலேசியாவில் ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகள் நேரத்துக்கேற்ற கட்டணத்தைத் தேர்ந்தெடுக்கலாம். வார நாள்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை உச்ச நேரம். மற்ற நேரங்களிலும் வார இறுதியிலும் கட்டணம் குறைவு. நல்ல திட்டம்தான், ஆனால், அதில் இரண்டு குறைகளைக் காண்கிறேன்.

முதலாவது, கட்டண வேறுபாடு யூனிட்டுக்கு ஏறக்குறைய 4 சென் மட்டுமே. ஒருமுறை துணி துவைக்கப் பெரும்பாலும் ஒரு யூனிட்கூட ஆகாது. மூன்று நான்கு சென்னுக்காக இரவு பத்து மணிவரை யார் காத்திருப்பார்?

இரண்டாவது, பிற்பகல் 2 மணிக்கு வெயில் இன்னும் கொளுத்துகிறது. சூரியசக்தி பெருகப் பெருக, மின்சாரம் தாராளமாகக் கிடைக்கும் நேரமாக நண்பகலும் பிற்பகலும் மாறும். ஆஸ்திரேலியாவின் சவுத் ஆஸ்திரேலியா மாநிலம் இதை உணர்ந்து, காலை 10 முதல் பிற்பகல் 3 வரை குறைந்த கட்டணத்தைக் கொண்டுவந்தது. மிகுதியான வெயில் மின்சாரத்தைப் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்வதே அதன் நோக்கம். நமது கட்டண நேரங்களும் அப்படி மாற வேண்டும்.

வேலை முடிந்து வந்து சமைக்கும் தாயால் அடுப்படி நேரத்தைத் தள்ளிவைக்க முடியாது. எனவே, மாற்றத்துக்குச் சலுகை தரலாம். மாற முடியாதவரைத் தண்டிக்கக்கூடாது. சமையலும் விளக்கும் அப்படியே இருக்கட்டும். துணி துவைப்பதையும் மின்சாரக் காருக்கு மின்னேற்றுவதையும் மாற்றலாமே?

மின்சாரத்தைச் சேமியுங்கள் என்று பள்ளியில் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். எந்த நேரத்தில் பயன்படுத்துவது என்பதை யாரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இப்போது சனிக்கிழமை காலையில்தான் துணி துவைக்கிறோம். பெரிதாகப் பணம் மிச்சமாகவில்லை. ஆனால், வெயில் வீணாகவில்லை. துணியும் சீக்கிரம் காய்கிறது.